நிரப்பக் கூடாத தொட்டி

கல்யாணம் முடித்த இத்தனை வருடத்தில் என் மனைவி எனக்கு விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு சொட்டுத் தண்ணி எண்டாலும் ஹோல் நிலத்தில விழுந்திச்செண்டா, அண்டைக்கே டாங்கி வெளிய போகும். சொல்லிட்டன்."

டாங்கி என்று அவள் சொன்னது, நான் வைக்கவிருந்த கடல்மீன் தொட்டியை. கற்பிட்டியில் அப்படியொன்று வைக்கப் போகிறேன் என்று வாய் திறந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. எங்கள் வாசலில் நின்றாலே அலைச்சத்தம் கேட்கும். "கடல் அந்தா கிடக்கு, அத எதுக்குக் கண்ணாடிக்குள்ள அடைக்கிறீங்க?" என்று தேத்தண்ணிக் கடையில் கேட்காத ஆள் இல்லை. அங்கே இருப்பது ஆக்கித் தின்கிற மீன், நான் வளர்க்கப் போவது பார்க்கிற மீன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

சாதாரண மீன்தொட்டி என்றால் தண்ணீரை ஊற்றி மீனை விட்டால் வேலை முடிந்தது. கடல்நீருக்கு அது போதாது. கண்ணாடியில் ஓட்டை போட்டு, மேலே நிறைகிற நீரைப் பைப் வழியாகக் கீழே அலுமாரிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறக்க வேண்டும். அங்கே அழுக்கு வடிந்த பிறகு மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். இந்தக் கீழ்த் தொட்டிக்குப் பெயர் சம்ப். எங்கள் பக்கத்தில் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. போனால் மோட்டார் நிற்கும். ஓட்டைக்கு மேலே நிற்கிற நீரும் பைப்பில் கிடக்கிற நீரும் ஒன்றாகக் கீழே இறங்கும். இறங்குவதற்கு இடம் வேண்டுமே. ஆகவே சம்பில் எப்போதும் பாதிதான் தண்ணீர் இருக்கலாம், மீதிப் பாதி வெறுமையாய்க் கிடக்க வேண்டும். அவள் சொன்ன அந்த ஒரு சொட்டு நிலத்தில் விழாமல் இருப்பது முழுக்க முழுக்க அந்த வெறும் பாதியின் கையில்தான் இருந்தது.

புத்தளம் டவுனில் கண்ணாடி வெட்டுகிறவரிடம் போனேன். கடை முகப்புகளுக்குக் கண்ணாடி போட்டுப் பேர் எடுத்தவர், மீன்தொட்டிக்கு ஓட்டை போட்டுப் பழக்கமில்லாதவர்.

"அடியில போடுவம் நானா, தண்ணி வடிவா இறங்கும்."

அடியில் போட்டு மூட்டு ஒன்று கசிந்தால் தொட்டி மொத்தமும் என் ஹோலுக்குள் வந்துவிடும். பின்பக்கத்தில், மேல் விளிம்பை ஒட்டி, என்று படம் கீறிக் கொடுத்தேன். படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். முதல் கண்ணாடி வெடித்தது. "கண்ணாடியில பிழை" என்றார். இரண்டாவது தப்பியது, ஆனால் ஓட்டை பைப்பை விடச் சிறிதாகிப் போனது. அந்த ஓட்டைக்குப் பொருந்தும் மூட்டைத் தேடி நான் ஏறி இறங்காத ஹாட்வெயார் கடை இல்லை. ஒவ்வொருவரும் பைப் எந்தக் குளியலறைக்கு என்று கேட்டார்கள். மீனுக்கு என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

எப்படியோ பூட்டி முடித்தேன். அவளைக் கதிரையில் உட்கார வைத்து, அவள் கண்முன்னாலேயே சுவிட்சை அணைத்தேன். மேலிருந்து நீர் இறங்கியது, சம்பில் ஏறியது, விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சம்பின் நடுவில் சிவப்பு டேப் ஒட்டினேன்.

"வெக்கைக்குத் தண்ணி வத்தும், உப்பு அப்பிடியே நிக்கும். நான் வேலைக்குப் போனாப் பிறகு நீதான் நல்ல தண்ணி கொஞ்சம் விடோணும். ஆனா இந்தக் கோட்டுக்கு மேல போகவே கூடாது. அரைவாசி காணும், அது போதும்."

"ஓம் ஓம், விளங்குது."

விளங்கவில்லை. மாலையில் வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு மேலே நிற்கும். கோப்பையால் அள்ளி வெளியே ஊற்றுவேன். கேட்டால் "கொஞ்சந்தான் விட்டன்" என்பாள். மறுநாளும் அதே கதை. நான் கத்த, அவள் தலையாட்ட, தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் அது நடந்தது. ஒரு பின்னேரம் வீட்டுக்குள் காலை வைத்தால், சலக் என்றது. பகலில் கரண்ட் போயிருந்தது. ஹோல் முழுக்க உப்புத் தண்ணீர். வீட்டிலிருந்த துவாய்களையெல்லாம் விரித்துப் போட்டு, குந்தியிருந்து பிழிந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "பாத்தீங்களா? சொன்னனே!" என்றாள்.

"எவ்வளவு ஊத்தின?"

"நிரப்பினன்."

"நிரப்ப வேணாம் எண்டுதானே இவ்வளவு நாளும் தொண்டை கிழியக் கத்தினன்!"

"அரைவாசி வெறுசாக் கிடக்கு. அதப் பாத்துக்கிட்டு எப்பிடி இரிக்கிற?"

பிழிந்துகொண்டிருந்த துவாயை வாளிக்குள் போட்டாள். மற்ற முஸ்லிம்களோடு மன்னாரில் இருந்து துரத்தப்பட்டு, குடும்பத்தோடு வள்ளத்தில் இந்தக் கரைக்கு வந்தபோது அவள் சின்னப் பிள்ளை. வளர்ந்தது தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டில் முகாமில். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அன்று சொன்னது தெரியாது.

"தண்ணி கொண்டு வார பவுசர் லொறி எப்ப வரும் எண்டு தெரியாது. வந்து போனாப் பிறகு கொட்டிலுக்குள்ள வெறும் வாளி ஒண்டு கிடந்திச்செண்டா உம்மா அழுவா. ஏச மாட்டா, அடிக்க மாட்டா. அழுவா. இப்பவும் வெறும் பாத்திரத்தைக் கண்டா எனக்குக் கை சும்மா இரிக்காது."

எங்கள் வளவில் நான் பிறக்கும் முன்பே கிணறு இருந்தது. தண்ணீருக்காக நான் ஒருநாளும் காத்து நின்றதில்லை. என் கோபம் போகவில்லை, அதை யார் மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

இன்னொரு தரம் தண்ணீர் விழுந்தால் கட்டாயம் டாங்கி வெளியே என்று தவணை தந்தாள். திரும்பவும் கண்ணாடிக்காரர், திரும்பவும் படம். சம்பின் விளிம்புக்குக் கீழே ஓர் ஓட்டை, அதிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே ஒரு பைப், பைப்பின் கீழே பாதியாக வெட்டிய நீலப் பரல், அதாவது பிளாஸ்டிக் பீப்பாய். இனி அவள் எவ்வளவு நிரப்பினாலும் மிஞ்சுவது பரலுக்குப் போகும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

காலையில் பார்த்தால் பரலின் மேல் ஒரு பலகை. பலகையின் மேல் ஒரு கோப்பை, கவிழ்த்து வைத்தபடி. பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பரலில் விளிம்பு வரை நல்ல தண்ணீர்; மிஞ்சுவதற்கென்று வைத்த இடத்தையும் கிணற்றிலிருந்து அள்ளி நிரப்பியிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பரலைப் பிடித்துச் சரித்தேன். தண்ணீர் மணலில் இறங்கி ஓடியது. சத்தம் கேட்டு அவள் படிக்கு வந்தாள். தண்ணீர் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். சரித்ததை அப்படியே நிமிர்த்தினேன், பாதித் தண்ணீர் மிஞ்சியிருந்தது.

கிட்ட வந்து எட்டிப் பார்த்தாள். பலகையை எடுத்து மூடி, கோப்பையை மேலே வைத்தாள்.

"அரைவாசி காணும்" என்றாள்.