நான் அழித்த வரியை வாசித்தவர்

அந்தக் கணினியை எனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர்தான் வாங்கித் தந்தார். அவர் சுவிஸில் இருந்தார். நாங்கள் நெளுக்குளத்தில் இருந்தோம். சண்டை நின்றிருந்த சமாதான காலம் அது. பற்றை மூடிக் கிடந்த வயலைத் திருத்துவதற்காக அப்பா உருத்திரபுரத்துக்குப் போய், மாதத்தில் இரண்டு தடவைதான் வந்துபோனார். வீட்டில் அம்மாவும் நானும். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். வெளிவாரியாகப் பட்டப்படிப்புக்கும் பதிந்திருந்தேன்.

கொழும்பிலிருந்து அவருடைய மச்சான் வான் வண்டியில் அதைக் கொண்டுவந்து இறக்கி, முன்னறை மேசையில் பூட்டி, ரெலிபோன் வயரையும் கொழுவிவிட்டு, அரை நாள் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் போட்டிருக்கிறன் தங்கச்சி. நீங்கள் ஒண்டும் மாத்தத் தேவையில்லை. அப்பிடியே பாவியுங்கோ" என்றார்.

நான் அவருக்கு இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தேத்தண்ணிக்காக எனக்கு எரிகிறது.

கணினி வந்தபின் நான் அதிகம் எழுதியது சுவிஸில் இருந்தவருக்கல்ல, என் சிநேகிதிக்கு. அவள் முல்லைத்தீவு முஸ்லிம். சிறு வயதில், இயக்கம் அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது, உடுத்த உடுப்போடு குடும்பமாகப் புத்தளத்துக்குப் போனவள். படித்து ஆசிரியையாகி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, மூன்று வருடம் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பிறகு இடமாற்றம் கிடைத்துப் புத்தளத்துக்கே திரும்பிவிட்டாள். வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி. எங்கள் நிச்சயதார்த்தப் படங்களை ஸ்கேன் செய்து அவருக்கு அனுப்பியதும் அவள்தான். அதனால் அவளுடைய மின்னஞ்சல் முகவரி அவரிடம் இருந்தது.

ஒருமுறை அவளுக்கு எழுதினேன்: பட்டப்படிப்பின் இறுதிச் சோதனை முடியும்வரை கலியாணத்தைத் தள்ளிப்போட்டால் நல்லது, எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல ரெலிபோன் எடுத்தார்.

"சோதனைக்காகக் கலியாணத்தைத் தள்ளிப்போடுற யோசனையோ உமக்கு?"

அம்மாவிடம்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்றே அவளுக்கு எழுதினேன். அவள் மறுத்தாள். அவரோடு படம் அனுப்பிய அன்றைக்குப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை, அல்லாஹ் மேல ஆணை என்றாள். நான் நம்பவில்லை. இரண்டாவது கடிதத்தில், "உங்கட ஆக்களை நம்பினது என்ர பிழை" என்று எழுதி அனுப்பினேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நல்ல மனநிலையில் இருந்தார். நான் ஏன் சோர்ந்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, தனிமை தாங்காமல், அவளுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினேன். நடுவில் ஒரு வரி வந்து விழுந்தது: இவர் கதைக்கும்போது எனக்குச் சோதனை மண்டபத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. வாசித்துப் பார்த்தேன். துரோகம் செய்வதுபோல் இருந்தது. அழித்தேன். பிறகு முழுக் கடிதத்தையும் அழித்துவிட்டு எழும்பிப் போனேன். அது யாருக்கும் போகவில்லை.

ஞாயிறு அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னோட கதைக்கிறது உமக்குச் சோதனை மண்டபம் மாதிரியோ?"

ரெலிபோனை வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். அவளுக்கும் போகாத வரி அது. முதலில் பயம் வந்தது. அவளுக்கு நான் எழுதிய சொற்கள் நினைவுக்கு வந்தபோது பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் ரீச்சரிடம் போனேன். என்னைவிட ஒரு வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார்.

"நான் எழுதிப்போட்டு அழிச்சதை ஒராள் வாசிக்கிறார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அனுப்பினதை இல்லை, அழிச்சதை?"

"ஓம். அழிச்சதை."

"அப்ப ஆள் உங்கட கொம்பியூட்டருக்குள்ளதான் இருக்கு. விசையில தட்டுறது எல்லாத்தையும் களவா எழுதி வைச்சு, நீங்கள் இன்ரநெற் போடேக்க அனுப்புற சாமான் இருக்கு."

ஒரு சீடி தந்தார். அதில் இரண்டு மென்பொருட்கள். ஒன்று உளவு பார்ப்பவற்றைத் தேடிப் பிடிப்பது. மற்றது வாசலில் நின்று, உள்ளிருந்து எது வெளியே போக முயன்றாலும் விடவா என்று கேட்பது. "ரெண்டும் இலவசம். களவாப் பிரதி எடுத்ததில்லை, பயப்பிடாதேங்கோ. முதல்ல வாசல்காரனைப் போடுங்கோ. ஆர் வெளியில போகினம் எண்டு பாருங்கோ. பிறகு மற்றதைப் புதுப்பிச்சுப்போட்டுத் தேடுங்கோ."

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்தேன். வாசல்காரனைப் போட்டு இணையத்தில் இணைந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பியது. கணினியின் சொந்த உறுப்புப்போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒன்று வெளியே போகக் கேட்டது. விடாதே என்ற பொத்தானை அழுத்தினேன். மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினேன். மற்ற மென்பொருளைப் புதுப்பிக்கப் பின்னேரம் முழுவதும் போனது. ரெலிபோனை எப்போது விடுவாய் என்று அம்மா மூன்று தரம் வந்து கேட்டார்.

தேடல் முடிந்ததும் ஒரு பட்டியல் வந்தது. பெரும்பாலானவை விளம்பரக் குப்பை. ஒன்றுக்கு மட்டும் சிவப்புக் கோடு. அது இருந்த கோப்புறையைத் திறந்தேன். அங்கே நாள் வாரியாக என் வாழ்க்கை கிடந்தது. கடவுச்சொல், வகுப்புக்கான கேள்விகள், சிநேகிதிக்கு எழுதியவை. நான் அழித்த ஒவ்வொரு எழுத்தும், அழித்தேன் என்ற குறியோடு. முதல் பதிவின் திகதி, மச்சான் வந்து உட்கார்ந்திருந்த நாள்.

அகற்று என்று கொடுப்பதற்கு முன் அந்தப் பதிவுகளை மட்டும் வேறிடத்தில் பிரதி எடுத்தேன். பிறகு அகற்றினேன். ரீச்சரின் கணினியில் இருந்து என் கடவுச்சொல்லை மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் நேராகக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"உம்மட பாதுகாப்புக்குப் போட்டது. நாடு இருக்கிற நிலைமையில ஆர் ஆர் உம்மோட தொடர்பெண்டு எனக்குத் தெரியத்தானே வேணும்."

"நான் அவளை ஏசி எழுதினதையும் வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சனான்."

"அவள் ஒண்டும் சொல்லேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். பேசாமல் இருந்தனீங்கள்."

"அந்தச் சிநேகிதம் உமக்குச் சரிவராது. தானா முடிஞ்சது நல்லதெண்டு விட்டிட்டன்."

களவு பார்த்ததைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேனோ தெரியாது. ஒருத்தியை நான் குத்துவதைப் பார்த்துக்கொண்டு, எனக்கு நன்மை நடக்கிறதென்று இருந்ததை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அம்மாவுக்கு இது விளங்கவில்லை. "தூரத்தில இருக்கிற மனுசன் பிள்ளை. அக்கறையில செய்தது."

"அப்ப அவற்ர கடிதங்களையும் நான் உடைச்சு வாசிக்கட்டோ, அக்கறையில?"

"ஊர் என்ன சொல்லும்?"

அப்பா வந்தபோது அவரைக் கதிரையில் இருத்தி, பிரதி எடுத்துவைத்த பதிவுகளைத் திரையில் வாசித்துக் காட்டினேன். என் அழிப்புகளையும் விடவில்லை. பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "போதும். அவை போட்ட மோதிரத்தைத் திருப்பிக் குடுத்துவிடுவம்" என்றார். அம்மா குசினிக்குள் போய் அழுதார்.

மோதிரத்தையும் கணினியையும் எடுத்துப்போக மச்சான் வந்தார். நான் ஏற்கெனவே கணினியில் இருந்த எல்லாவற்றையும் துடைத்து வெறுமையாக்கியிருந்தேன். "சின்ன விசயத்தைப் பெருப்பிச்சுப் போட்டியள் தங்கச்சி" என்றார். வானுக்கு அதைத் தூக்க நான் கை கொடுக்கவில்லை.

பள்ளி விடுமுறையில் பஸ் மாறி மாறிப் புத்தளத்துக்குப் போனேன். அவள் வாசலில் என்னைக் கண்டு திகைத்தாள். ஆனால் உள்ளே கூப்பிட்டாள். நடந்ததெல்லாம் சொன்னேன். அவரைத் திட்டித் திட்டிச் சொன்னேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அவர் செய்தது அநியாயம்தான். ஆனா 'உங்கட ஆக்கள்' எண்டதை அவர் எழுதேல்லை. நீதான் எழுதினனி" என்றாள்.

நான் ஓம் என்றேன். அவள் சோறு போட்டாள், சாப்பிட்டேன். இப்போது பெருநாளுக்கு நான் வாழ்த்து அனுப்பினால் அவள் பதில் போடுவாள். வாரக் கடிதம் இல்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லையென்று தெரியும். ஆனால் அவர் சுவிஸில் வேறொருத்தியைக் கலியாணம் கட்டிச் சந்தோஷமாக இருக்கிறார் என்று யாராவது சொல்லும்போது, அந்தப் பெண்ணின் மேசையில் என்ன கணினி இருக்கிறது என்றுதான் எனக்குக் கேட்க வருகிறது.