தணிகாசலம் வரைந்த புலிகள்

தணிகாசலத்துக்குக் கோபம் வராது. அது நல்ல குணம் என்று ஊரில் பாதிப்பேர் சொல்வார்கள். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆரணியில் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர் அவர். அவர் தொழிலில் ஒரு நாணயம் பார்ப்பார். டிசைனை வாங்க வந்த முதலாளியின் கண்ணெதிரே, தன்னிடம் இருப்பதை அழித்துவிடுவார். வைத்திருந்தால் நாளைக்கே வேறொருவருக்கு விற்றுவிடுவார் என்று பேச்சு வரும். பழைய அரைகுறைகளைக்கூட விடமாட்டார், துடைத்து எடுத்துவிடுவார்.

அவருடைய மனைவியின் தம்பி கோபிநாத், போனில் ஆடும் விளையாட்டுகளைச் செய்து பிழைக்கிறவன். இருவரும் சேர்ந்து ஆடுபுலி ஆட்டத்தைப் போனுக்குக் கொண்டுவந்தார்கள். புரோகிராம் எழுதியது அவன், படமெல்லாம் இவர். ஆடுகளை ஒரே நாளில் போட்டுவிட்டார். புலிகளுக்குத்தான் மாதக்கணக்கில் பிடித்தது. உடம்பு வரிகளைக் கோபுர பார்டர் போலப் படிப்படியாக இறக்கியிருந்தார். யாரும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு அவர் வரைந்தது அது ஒன்றுதான். அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததும் அப்போதுதான். முடித்துக் கொடுத்த கையோடு, பழக்க தோஷம், மைத்துனன் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தார்.

"இன்னா மாமா, என்கிட்டயுமா?"

"குடுத்தது குடுத்ததுதான்பா. இனிமே உன்னுது."

கோபிநாத் அதைப் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குக் காட்டினான். கூட்டு சேரலாம் என்று ஒரு பிரதியை வாங்கிக்கொண்டவர்கள் பிறகு வாயே திறக்கவில்லை. அதை வாங்கியதற்கு எழுத்தும் இல்லை. இவர்கள் வெளியிடுவதற்குள் கம்பெனியின் ஆட்டம் வந்துவிட்டது. அதே புலிகள், அதே கோபுர வரிகள். போதாததற்கு, கோபிநாத் பிறகு தன் ஆட்டத்தைப் போட்டதும், திருடியது இவர்கள்தான் என்று ஆப் ஸ்டோரில் புகாரும் கொடுத்தார்கள். ஸ்டோர்க்காரர்கள் அவன் ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். அவனுடைய மற்ற விளையாட்டுகளும் இருந்த கணக்கையே முடக்கப்போவதாக எச்சரிக்கையும் வந்தது.

வக்கீல் வின்சென்ட் பொறுமையாகக் கேட்டார்.

"ஆட்டம் யாருக்கும் சொந்தமில்லைங்க, யார் வேணா போடலாம். படம்தான் பிரச்சனை. முடிஞ்ச படம் கோபிநாத்கிட்ட இருக்கறது போதாதுங்க, அவங்களுதைப் பார்த்துப் போட்டதுன்னுடுவாங்க. நீங்க வரைஞ்ச மூலப் படம் தேதியோட இருக்குதுங்களா?"

"அழிச்சிட்டேங்க."

"பாதி போட்டது ஏதாச்சும்?"

"அதையும்தாங்க."

வின்சென்ட் பேனாவை மூடினார். கூடப் போயிருந்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தணிகாசலம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கம்பெனி ஒரு வழி சொன்னது. படங்கள் கம்பெனியுடையவை என்று தணிகாசலம் எழுதிக்கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார்களாம். என் கடையில்தான் அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்தோம். எல்லாம் ஆங்கிலம். கோபிநாத் படித்துச் சொன்னான். இந்தப் புலிகளை நான் வரையவில்லை, பார்த்துப் போட்டேன் என்று எடுத்த எடுப்பிலேயே இருந்தது.

"வேணாம் மாமா, என் கணக்கு போனா போவுது" என்று அழுதான். அவனுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"உனக்கு ஒண்ணுமே தோணலியாய்யா?" என்று நான் கத்திவிட்டேன்.

"நானும் பாத்துகினுதான் கீறேன். ஒண்ணும் தோணல" என்றார் தணிகாசலம். தாளைத் தன் பக்கம் திருப்பி, என் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"தமிழ்ல கையெழுத்து போட்டா ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்வார்கள் என்று கோபிநாத் தலையாட்டினான். போட்டார்.