கார் கதவில் ஒரு பை

மைத்துனரின் பழைய கார்க் கதவு துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் தையல்காரருக்குக் கை பரபரத்தது. "பட்டறைக்கெல்லாம் எதுக்கு மாப்ள? ஒட்டுப் போடுறதுதானே என் பொழப்பே" என்று காரைத் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொண்டார். கடையில் இருந்ததிலேயே மலிவான வெல்டிங் மெஷினையும் வாங்கி வந்தார்.

அந்த மெஷினுக்கு நிதானமே கிடையாது. எவ்வளவு குறைத்து வைத்தாலும் மெல்லிய தகரத்தைப் பொசுக்கித் தள்ளியது. ஓர் ஓட்டையை அடைக்கப் போனால் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. சாயங்காலத்துக்குள், விரல் நுழைந்த இடத்தில் தலையே நுழைந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கண்ணாடி இறக்குற கம்பியெல்லாம் தெரியுதுங்க. என் தம்பிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

கிழிசல் அடைபடாவிட்டால் அதன்மேல் பை வைத்துவிடுவது தையல்காரரின் வழக்கம். பெரிய தகரமாக வெட்டி, ஓரத்தைத் தடிமனாக மடித்து, கதவில் கெட்டியான இடம் பார்த்து மூன்று பக்கமும் பற்றவைத்தார். மழை புகாமல் மேலே ஒரு மூடி, பொத்தானுக்கு ஒரு போல்ட்.

மைத்துனர் வந்து வெகுநேரம் கதவையே பார்த்தார். பிறகு மூடியைத் தூக்கி, கையிலிருந்த குடையை உள்ளே செருகினார். கச்சிதமாக நின்றது.

"அளவெடுத்தா வச்சீங்க, மாமா?"

"கண்ணாலதான் அளந்தேன்."

"அந்தப் பக்கக் கதவு மொட்டையா இருக்கே. அதுக்கும் ஒண்ணு வச்சிடுங்க."

அந்தக் கதவில் பொட்டுத் துரு கிடையாது. ஆனாலும் ஆசையாகக் கேட்டவர் மனம் நோகக்கூடாதே என்று தையல்காரர் மறுபடி மெஷினைப் போட்டார்.