தலைமுழுகியவர் பார்த்த படம்

1993இல் என் தங்கை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு விழுப்புரத்துக்குக் குடிபோனாள். திண்டிவனத்தில் எங்கள் அண்ணன், செத்தவளுக்குச் செய்வதுபோல அவளுக்காகத் தலைமுழுகினார். அவள் வீட்டுப் படி ஏறுகிறவர்களும் எனக்குச் செத்தவர்கள்தான் என்று ஈரத்தலையோடு சொன்னார். எனக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. தலையை ஆட்டினேன். அடுத்த மாதமே பஸ் ஏறிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போய் வந்தேன். கண்ணாஸ்பத்திரிக்கு என்று சொல்லுவேன். இத்தனை வைத்தியம் பார்த்த கண் இந்த ஜில்லாவிலேயே இருக்காது. கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்பார், எதற்கு என்று கேட்கமாட்டார். இடையில் என் பெண்ணை அண்ணன் மகனுக்கே கொடுத்தேன். அதிலிருந்து பயம் அதிகமாயிற்று. விஷயம் தெரிந்தால் அவளை என் வீட்டுப் பக்கமே அனுப்பமாட்டார்.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. தின்றது, உடுத்தியது, போன ஊர் எல்லாவற்றையும் படம் பிடித்து ஊருக்குக் காட்டுகிற ஜனங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கண் படும் என்று கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்ட குடும்பங்கள் இப்போது தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கின்றன. நான் கல்யாண போட்டோவிலேயே முகத்தைக் காட்டாதவள்.

அன்று தங்கை வீட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் மகள் போனை நீட்டினாள்.

"இன்னாடி பண்றே?"

"நெட்ல போட்டேன் பெரிம்மா. பெரிம்மாகூட, விழுப்புரம்னு."

"ஊர் பேரையுமா? யார் பாக்கறது?"

"என் பிரண்ட்ஸ்ங்க மட்டுந்தான். நீ சாப்பிடு."

பிரண்ட்ஸ் மட்டும் என்று பூட்டுப் போட அந்தக் கழுதை மறந்திருந்தாள்.

மறுநாள் காலை அண்ணன் வந்தார். வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கண்ணாஸ்பத்திரில களி போடறானுங்களா?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"கருவாட்டுக் கொழம்பு வேற! இனிமே உன் பொண்ணு இந்த வாசப்படி ஏறமாட்டா, தெரிஞ்சிக்கோ."

"யாருண்ணா சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? நானே பாத்தேன். தோ பாரு."

போனைக் காட்டினார். கட்டைவிரல் பழகிய விரலாகத் தள்ளிக்கொண்டே போயிற்று. என் படம், தங்கை மகளின் காலேஜ் படம், நரைத்த தலையோடு கோலம் போடும் தங்கை.

"வூட்டுக்கு மஞ்ச பெயிண்டு அடிச்சிக்கினு பந்தா காட்றா, மகாராணி," என்றார்.

அந்த வீட்டுக்கு மஞ்சள் அடித்து மூன்று வருஷமாகியிருந்தது. இப்போது வெள்ளை.

கதவை விட்டு வெளியே வந்தேன்.

"தல முழுகினவ வூட்ட எத்தினி வருசமா எட்டிப் பாத்துக்கினு இருக்கீங்கண்ணா? நானாச்சும் செருப்ப வாசல்ல வுட்டுட்டு, கூப்ட்டு உள்ள போனேன். என் பொண்ண நிறுத்துங்க, பாக்கலாம். பொங்கலுக்கு அத்தினி சொந்தமும் வரும். அங்க இத நான் சொல்றேன்."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வெள்ளிக்கிழமை என் பெண் வந்தாள். மாமனாரே போகச் சொன்னார் என்றாள். பெரிய மனசு என்று நினைத்தாள் போல. அது பயம். ஒளிந்து பார்க்கிறவர்களுக்குப் பாசம் இருக்கலாம், நெஞ்சு கிடையாது.

தங்கை மகள் அழுதுகொண்டே போன் செய்தாள்.

"சாரி பெரிம்மா. எல்லாத்தையும் லாக் பண்ணிட்டேன். இனிமே ஊர் பேரும் வராது. வெளியாளுங்க யாரும் பாக்க முடியாது."

"என் மூஞ்சிய எடுத்துடு. உங்கம்மா படத்த மட்டும் தெறந்து வுடு."

"ஏன், யார் பாக்கறதுக்கு?"

"இருக்குது ஒரு ஜென்மம். அதுக்குப் பஸ் ஏறத் தெரியாது."