சரள் மேட்டில் ஒரு சாவி

ஆண்டில் ஆறு மாதம் இந்தியாவில் தங்க வீடு தேடும் ஓய்வு பெற்றவர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே, நாங்கள் போய்த் தேடிய கதையை எழுதிவிடுகிறேன்.

நான் பினாங்குக்குப் பக்கத்தில், தைப்பிங்கில் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்தவன். பள்ளிக்கூடம் நான்கு வருடம். மற்றதெல்லாம் பழைய செய்தித்தாள்களில் படித்தது. முப்பது வருடம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலை வாடுவதற்குள் சாவி கேட்டு ஆள் வந்தான். என் மனைவி செல்லம்மாள் அடுப்பிலிருந்த சோற்றை அப்படியே இறக்கினாள். அப்படி எங்களை விரட்டியதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இனி என் வீட்டுச் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது என்று அன்றே முடிவு செய்தேன்.

தைப்பிங் மழை செல்லம்மாளின் முழங்கால்களைத் தின்றுவிட்டது; கம்பு ஊன்றித்தான் நடப்பாள். காய்ந்த ஊராகப் பாருங்கள் என்றார் டாக்டர். நாகர்கோவிலை யோசித்தோம்; அங்கே இரண்டு பருவமும் மழை. கடைசியில் தேர்ந்தது கோவில்பட்டி. மழை குறைவு, ரயில் நிற்கும், வீட்டு விலை கைக்கு எட்டும். 1980 புரட்டாசியில் பினாங்கில் கப்பல் ஏறினோம். சென்னையில் மாலை ரயில் பிடித்தால் மறுநாள் காலையில் கோவில்பட்டி.

விடிந்ததும் ரயில் ஜன்னலைத் திறந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். கடலை விட்டால், நூறு அடிக்கு மேல் என் கண் எங்கேயும் நேராகப் போனதில்லை. இங்கே தடுக்க ஒன்றுமே இல்லை. பழைய எஞ்சின் எண்ணெயில் ஊறிய இரும்புத்தூள் நிறத்தில் மண், வானம் இறங்குகிற இடம்வரை. "இவ்வளவு வானத்தை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டாள் செல்லம்மாள்.

ஸ்டேஷன் பக்கம் லாட்ஜ், நாளுக்குப் பன்னிரண்டு ரூபாய். கொசுவலை கேட்டால்தான் தருவார்கள். தரகர் சண்முகையா, ஊர் ஓரத்தில் கட்டி இரண்டு மாதமான, தளம் போட்ட மெத்தை வீட்டைக் காட்டினார். நான் பெட்டியிலிருந்து, நேர் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்து எல்லாச் சுவரையும் பார்த்தேன். இம்மி பிசகில்லை. கதவு விரலால் தள்ளினால் திறந்தது.

"அண்ணாச்சி, இப்பமே அட்வான்ஸ் போட்டுருங்க. மழை விழுந்துட்டா ஊரு கையில காசு பொழங்கும், வெலை ஏறிரும்" என்றார் சண்முகையா.

அட்வான்ஸைக் கொடுக்கத்தான் இருந்தேன். அப்போது பக்கத்து நிலத்தில் ஒருவர் ஏர் பூட்டி விதைத்துக்கொண்டிருந்தார். அருகே போனேன். உழாத ஓரத்தில் வெடிப்பு. என் கைத்தடி பிடிவரை உள்ளே போயிற்று. உழுத இடத்தில் வெறும் புழுதி. அந்தப் புழுதிக்குள் விதை விழுந்துகொண்டிருந்தது.

"ஈரமே இல்லையே! மழை வராவிட்டால்?"

"பெறவு அடுத்த வருசம் வெதைக்கணும்" என்றார் அவர், மாட்டை நிறுத்தாமலே. "மழை பெஞ்ச பெறவு இந்தக் கரிசல்ல மாடு எறங்காதுல்லா. அதாம் முந்தியே போடுதோம்."

மேகம் ஒரு துண்டுகூட இல்லை. வீட்டில் இருக்கிற தானியத்தை அந்த மனிதர் வானத்தை நம்பி மண்ணுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் மழை பார்த்த எனக்கு அது மலைப்பாக இருந்தது. மாடுகூட இறங்க முடியாதபடி மழை என்ன செய்யும் இந்த மண்ணை? அதைப் பார்க்காமல் பணம் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

"மழைக்கும் வீட்டுக்கும் என்ன அண்ணாச்சி சம்மந்தம்? வீட்டுக்குள்ளயா வெதைக்கப் போறீய?" என்று சிரித்தார் சண்முகையா. நான் அசையவில்லை. லாட்ஜில் கடலைமிட்டாய் தின்றுகொண்டு காத்திருந்தோம். "உங்கள் பிடிவாதத்துக்கு நாளுக்குப் பன்னிரண்டு ரூபாய்" என்று செல்லம்மாள் கேலி செய்தாள்.

ஐப்பசியில் மழை வந்தது. வெடிப்புகள் எல்லாம் வாய் மூடிக்கொண்டன. மண் குடித்தது, குடித்தது, பிறகு உப்பியது. விடாமல் ஒரு வாரம் பெய்து ஓய்ந்த மறுநாள் அந்த வீட்டுக்கு நடந்தோம். அடிக்கு அடி செருப்பு கனத்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். விதைத்த நிலம் முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை. செல்லம்மாள் வலியை மறந்து சேற்றில் நின்றுவிட்டாள்.

வீட்டுக் கதவு திறக்கவில்லை. சண்முகையா தோளால் இடித்தார், நானும் இடித்தேன். தரை நிலையைத் தூக்கிக் கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை சாய்வாக ஒரு விரிசல். என் தூக்குக்குண்டு பார்த்தது சுவரை. அடியில் மண் மூச்சு விடுவதை அது எப்படிப் பார்க்கும்?

"கருப்பட்டி கணக்கா இறுகிக் கெடந்த தரையாச்சே" என்று முனகிய சண்முகையா, நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்க பிடிவாதத்துக்கு ஏத்த ஊரு ஒண்ணுதாம் இருக்கு. எப்போதும்வென்றான்."

பஸ்ஸில் முப்பது கிலோமீட்டருக்கு மேல், வழியில் ஒரு பஸ் மாற வேண்டும். ஊருக்குச் சற்று வெளியே, கரிசலுக்கு நடுவே எழும்பிய சரளைக்கல் மேட்டில் ஒரு தெரு. அதில் பெருமாள்சாமி என்ற விவசாயியின் பழைய கல்வீடு. அத்தனை மழைக்கும் கதவு வழுக்கித் திறந்தது. விலையும் படிந்தது. அப்போதுதான் அவர் சொன்னார்: "ஒரு கண்டிசன். நீங்க ஊருக்குப் போற மாசம் சாவிய அடுத்த வீட்டு அருளம்மாகிட்ட கொடுத்துட்டுப் போகணும். அந்தியில வெளக்கு எரியாத வீடு இந்தத் தெருவுல கெடையாது."

"சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டேன்" என்றேன்.

"அப்பம் வீடு கெடையாது. வித்துட்டுப் போனாலும் தெருவுக்கு நாந்தானே பதில் சொல்லணும்?"

செல்லம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த வீட்டு முற்றத்தில் அவள் கம்பு இல்லாமல் நடந்திருந்தாள். அடுத்த வீட்டு வாசலில் அருளம்மா கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்.

நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். "விளக்குதானே வேண்டும்? வாசல் சுவரில் வெளிப்பக்கம் ஒரு மாடக்குழி வெட்டுகிறேன். எண்ணெய்க்குப் பணம் தருகிறேன். விளக்கு வெளியே, சாவி என்னிடம்."

பெருமாள்சாமி வாய் திறக்குமுன் அருளம்மா சிரித்தார். "ஒத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஊரு பேரு இவியளுக்குத்தாம் வச்சிருக்கு. எண்ணெய்க்குத் துட்டு கிட்டுன்னு மட்டும் பேசப்பிடாது. எங்க வீட்டு வெளக்கோட இதும் ஒண்ணு."

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அந்நிய நாட்டுக் குடிமகன் என்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நான் அலைந்ததை எழுதினால் ரத்தக் கொதிப்பு ஏறும். எனக்குப் பத்திரம் முடிய மாசிக் கடைசி ஆகிவிட்டது. விவசாய நிலத்தின் பக்கமே போகாதீர்கள். கரிசலில் வீட்டைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழைக்குப் பிறகு கதவைத் திறந்து பாருங்கள். பக்கத்திலேயே சரள் மேடு இருந்தால் அங்கே கேளுங்கள். தண்ணீர் கொஞ்சம் உப்பு, பழகிவிடும்.

பங்குனியில் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். மறுபடி புரட்டாசியில் வந்து இறங்கியபோது அந்தி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் வருவது யாருக்கும் தெரியாது. மாடக்குழிக்குள் கையை விட்டேன். நான் சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர் அந்தக் கரிசல் மண்ணைப் போலவே கறுத்திருந்தது. புகை விரலில் தடிப்பாக ஒட்டியது. ஒரு நாள் இரண்டு நாளில் படிகிற புகை அல்ல அது. எங்கள் இரண்டு பேரையும் இரண்டே வாரம் பார்த்திருந்த தெரு! பத்திரம் முடியும்வரை கோவில்பட்டியில்தான் இருந்தோம். செல்லம்மாள் என் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

அடுத்த பங்குனியில் கிளம்பும்போது கதவைப் பூட்டி, சாவியை அந்த மாடக்குழியில், விளக்குக்குப் பின்னால் வைத்தேன். அருளம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"சாவிய மறந்துட்டுப் போறீயளே!"

"மறக்கவில்லை" என்றேன். நான் யாரிடமும் கொடுக்கவில்லை. வைத்தேன், அவ்வளவுதான்.