பிலோமினாவின் அப்பா தடுக்கவில்லை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, ஆறாம் வகுப்பில் நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். என்னை வெளியே அழைத்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, பிலோமினா போய்விட்டாள் என்றார். மழைக்காலத்துக் காய்ச்சல்தானே, நாலு நாளில் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவளுக்கு வயது முப்பத்தொன்று. நான் வகுப்புக்குள் திரும்பிப் போய் மீதிப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. வந்தது ஒரு நிம்மதி. அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டாள் என்ற நிம்மதி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடக்கப் பூசையில் பங்குத்தந்தை, கண் தெரியாத தகப்பனுக்காக, கன்னியர் மடத்தில் சேரும் தன் இறையழைத்தலையே விட்டுக்கொடுத்த மகள் என்று அவளைப் புகழ்ந்தார். கோயிலில் பலர் விம்மினார்கள். முதல் பெஞ்சில் இருந்த அவள் அப்பா சவரிமுத்து தலையைத் தூக்கவேயில்லை. கல்லறையில் மண் போட்ட பிறகு தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான் அது மடத்துக்குப் போவல" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். பேசாமல் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கோயில் இதழான பங்கு மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவளை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்.

நாங்கள் இருவரும் மரக்காணத்தில் ஒரே பள்ளியில், ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் கணக்கு டீச்சர், நான் தமிழ். அவள் அம்மா முன்பே இறந்துவிட்டார். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்து, அந்த வெயிலிலும் வெள்ளையிலும் பார்வை மங்கி, கடைசியில் வீட்டோடு இருந்துவிட்டவர். சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குடும்பங்கள் எங்கள் பள்ளியில் தங்கியிருந்தன. கஞ்சி ஊற்றி, பாய் கொடுத்து, காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதி ஓய்ந்த பின், பிலோமினா கோயிலுக்குள் போய்த் தரையில் உட்காருவாள். கையில் செபமாலைகூட இருக்காது. அப்படி என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்திருக்கேன். வாழ்க்க பூரா இப்படியே உக்காருன்னு சொன்னா உக்காந்துருவேன்னு தோணுது."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். நானோ பல வருடங்களாக, வெளியே வராத கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். என்னுடைய ஒன்றை அவள் கேட்காமல் எடுத்துக்கொண்டது போல எனக்கு இருந்தது.

அடுத்த மே மாதம் இருவரும் அப்படி ஒரு மடத்துக்குப் போனோம். அழைத்தல் இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நாள் தங்கவிடுவார்கள். அதிகாலைச் செபம், தோட்ட வேலை, பகல் முழுக்க மௌனம். மூன்றாம் நாளே எனக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல நாக்கு துடித்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு, நிம்மதியாக இருந்தாள். அப்பாவை விட்டு ஓடி வருகிறாயா என்று மடத்தின் மதர் அவளிடம் கேட்டாராம். "ஓடறனா, வர்றனான்னு எனக்கே தெரியல மதர். அதப் பாக்கத்தான் வந்தேன்" என்றாளாம். பத்தாம் நாள் மதர் அவளை விண்ணப்பம் அனுப்பச் சொன்னார். என்னிடம், "நீ இங்க இருக்க ஆசப்படலம்மா. இங்க இருக்கேன்னு நாலு பேர் சொல்லணும்னு ஆசப்படற" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஊருக்கு வந்து, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். பிலோமினா அதை யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

ஜூன் மாதம், அவள் குடும்ப நிலை பற்றி அறிக்கை கேட்டு மடத்திலிருந்து பங்குக்குக் கடிதம் வந்தது. பங்குத்தந்தை ஊருக்குப் புதிது, நிவாரண வேலையில் அலைந்துகொண்டிருந்தார். கூட வேலை பார்க்கிறவள் என்று என்னையே எழுதச் சொல்லி, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் எழுதினேன்: தந்தைக்குப் பார்வை இல்லை. தாய் இல்லை. இவள் ஒரே பிள்ளை. சமைத்துப் போடுவதும் கைபிடித்து நடத்துவதும் இவள்தான்.

பெரிய முதலியார்சாவடியில் இருக்கும் அவள் சித்தப்பா, அண்ணனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி, அவருக்கென்று ஒரு அறையைக்கூட ஒழித்து வைத்திருந்தார். அப்பாவே முன்னின்று செய்த ஏற்பாடு அது. அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதவில்லை.

தந்தையைப் பராமரிப்பதே இப்போது உங்கள் அழைத்தல், பொறுத்திருங்கள் என்று ஜூலையில் அவளுக்குப் பதில் வந்தது. தான் ஓடுகிறோமோ என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, ஆமாம் என்று மடமே சொன்னது போல ஆயிற்று.

ஆறு மாதம் கழித்து, ஜனவரியில், பள்ளி விட்டு உப்பளத்து வரப்பில் நடந்து வரும்போது அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை, அதற்கு மேல் தாங்கவில்லை. அவள் நடையை நிறுத்தவில்லை.

"தெரியும். பதில் லெட்டர்லயே உன் வார்த்தை இருந்துது. நீ எழுதினது எதுவும் பொய் இல்ல ஸ்டெல்லா. ஒண்ண மட்டும் விட்டுட்ட."

ஏன் மறுத்து எழுதவில்லை என்று கேட்டேன்.

"மறுத்தா உன் பேர எழுதணும். நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

நான் மடத்துக்கு எழுதுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். ஆனால் தந்தைக்கு இப்போது வேறு ஏற்பாடு ஆகியிருக்கிறது, நிலைமை மாறிவிட்டது என்றுதான் எழுதினேன். முதலிலேயே இருந்ததை மறைத்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியில்தான் புதியவர்களைச் சேர்ப்பார்கள். என் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அந்த ஜனவரிச் சேர்க்கை முடிந்துவிட்டதால் அடுத்த ஜனவரியில் வரச்சொல்லி அவளுக்கு எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. நான் ஒரு வரியை விடாமல் எழுதியிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம், அவள் இறந்திருக்கலாம். ஆனால் அவள் விரும்பிய இடத்தில் கிட்டத்தட்ட ஒரு வருடம் வாழ்ந்திருப்பாள்.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் மத்தியானம் அவள் அப்பாவிடம் போனேன். இப்போது தம்பி வீட்டில், அந்த அறையில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவரோ, மடத்துக்கு உள்ளே போய்விட்டால் பெற்றவர்களைப் பார்க்க விடமாட்டார்களாமே என்று கேட்டார். பார்க்கலாம், நடுவில் கம்பி மட்டும் இருக்கும் என்றேன்.

"கம்பி இருந்தா எனக்கு என்னாம்மா? நான் கொரலத்தான பாக்கப் போறேன்."

பிறகு, "நான் போம்மான்னுதான் சொன்னேன். அத நாலு பேருக்குச் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன். பங்குத்தந்தைக்கும் மடத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

பிலோமினாவின் நினைவாகப் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் பதில் வந்த ஜூலையிலிருந்து நான் வாய் திறந்த ஜனவரி வரை, ஒவ்வொரு பள்ளி நாளும் மதியம் ஆசிரியர் அறையில் தன் டிபன் டப்பாவைத் திறந்து, குழம்பு மீனில் பாதியைப் பிட்டு என் பக்கம் வைத்தாள். எல்லாம் தெரிந்துதான் வைத்தாள். நானும் சாப்பிட்டேன். அந்த ஆறு மாதச் சாப்பாடுதான் அவளிடமிருந்து என்னிடம் இருக்கிறது.