வெற்றிலைத் தட்டத்தோடு வந்த அழைப்பு

பூமணியின் விதை வெங்காயத்தின் மேல் குண்டு விழவில்லை. விழுந்தது என்று சொன்னவள் நான். அது பொய்!

இதை ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என்னைக் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான், எழுத்து மெல்லத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்... அவசரமாக எழுதுகிற காரியமும் இல்லை இது.

அழுவதற்காக எழுதவில்லை. எனக்கு ஒன்று அறிய வேண்டும். வெங்காயத்தின் கழுத்தை விரலால் அழுத்தி, இது முளைக்கும், இது அழுகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள், என் வாசலுக்கு வந்த மனிதரில் எவர் நல்லவர், எவர் சொத்தை என்று பிரிக்கத் தெரியாமல் போனது எப்படி?

சண்டையால் குடாநாட்டுக்குப் பாதை அடைபட்டிருந்த காலம். மண்ணெண்ணெய் இல்லை, பசளை இல்லை, வெளியிலிருந்து விதையும் வராது. இணுவிலில் யார் வீட்டில் விதை வெங்காயம் தெரிவு செய்வதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை. இப்போதும் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

முதலில் வந்தவன் விவசாயக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற தம்பி. சைக்கிளில் வந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, படலைக்கு வெளியே நின்றே கதைத்தான்.

"அம்மா, விதை வெங்காயத்திலை அழுகல் வாறதைப் பற்றி ஒரு நிபுணர் குழு கூட்டுறம். பழுத்த தோட்டக்காரர் கொஞ்சப் பேர் வேணும். நீங்களும் வாறியளோ?"

"கொஞ்சப் பேரிலை நானும் ஒண்டோ?"

"ஓம் அம்மா. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலை. மத்தியானச் சோறு மட்டும் நீங்கள்தான் கட்டிக்கொண்டு வரவேணும்." பிறகு தலையைச் சொறிந்தான். "இந்தமுறை உங்கடை விதையிலும் அழுகல் எண்டு கதை, மெய்யோ? தண்ணி எப்ப நிப்பாட்டினனீங்கள்?"

எனக்கு உச்சி கொதித்தது!

"வெத்திலை வைச்சுக் கூப்பிடத் தெரியாத உனக்கு வெங்காயக் கதை என்ன கதை? போ!"

"இப்ப விக்கிற விலையிலை வெத்திலைக்கு நான் எங்கை போறது அம்மா?" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

பத்து நாள் போயிருக்கும். புருஷனும் பெண்சாதியுமாக இருவர் வந்தார்கள். படலையில் செருப்பைக் கழற்றினார்கள். அவள் கையில் தட்டம். வெற்றிலை, பாக்கு, சந்தனம்.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். என் மனிசன் செத்த நாள் தொடக்கம், நல்ல காரியத்துக்கு அழைக்க வருகிறவர்கள் தட்டத்தை என் மருமகள் யோகத்துக்குத்தான் நீட்டுவார்கள். நான் அறைக்குள் நின்று கேட்டுக்கொள்வேன். அந்தப் பெண்ணோ யோகத்தைத் தாண்டி வந்து, முதலில் எனக்கு நீட்டினாள்... எனக்கு!

"விதை வெங்காய நிபுணர் சபை எண்டு தொடங்கிறம். குடாநாடு முழுக்கத் தேடி ஐஞ்சு பேரை எடுத்தனாங்கள். அம்மா இல்லாமல் சபை இல்லை" என்றார் அவர். தன் பெயர் கனகலிங்கம் என்றார். வெங்காயத்தில் எனக்குச் சமமாகப் பேர் எடுத்த கரவெட்டிக் கந்தையரும் சம்மதித்துவிட்டாராம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரில் மிகச் சிறந்த விதையைச் சபைக்குக் கொடுக்க வேண்டுமாம். சபை அதைச் சோதித்துப் பெருக்கி, அடுத்த போகத்துக்குள் இரண்டு மடங்காகத் தருமாம்.

அவர்கள் போனபின் யோகம் கேட்டாள்:

"மாமி, உவை ஆர்? சபை எண்டால் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லையே. விதையை மட்டுமெல்லோ கேட்டவை. கரவெட்டிக்கு ஆளனுப்பிக் கந்தையரை ஒருக்கா விசாரிப்பமே?"

"விசாரிச்சால் அவர் என்ன நினைப்பார்? இணுவிலாளுக்குத் தன்ரை தகுதியிலை தனக்கே சந்தேகம் எண்டு நினைப்பார். நீ உலையைப் பார்."

அவள் அடுக்களைக்குப் போனாள்.

கந்தோர்த் தம்பி சொன்னது மெய். அந்தப் போகம் என் விதையில் அழுகல் இருந்தது. சபைக்கு அழுகலையா கொண்டுபோவேன்? பக்கத்து வளவுப் பூமணியிடம் போனேன். குத்தகைக்குத் தோட்டம் செய்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவள். அடுக்களைப் புகையில் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், அவ்வளவும் பொன் போன்ற விதை. அவளிடம் இருந்ததே அதுதான்.

"அக்கா, இதைக் குடுத்திட்டு நான் எதை நடுறது?"

"நடுகைக்கு முன்னமே ரண்டு மடங்காத் திரும்பி வந்திடும். நான் சபையிலை இருக்கிறன். என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

"ஐயோ, உங்களிலையோ?" என்று சொல்லி, ஏணி வைத்து ஏறி, தன் கையாலேயே அவிழ்த்துத் தந்தாள். மறுநாள் சபையின் மாட்டுவண்டில் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்தநாள் கூட்டம். சுன்னாகத்தில், அவர்கள் சொல்லிவிட்டுப் போன வீடு. நல்ல சேலை உடுத்துப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. வேலிக்கு அப்பால் ஒரு மனிசி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள்.

"உவையோ? ஒரு கிழமைதான் வாடகைக்கு இருந்தவை. இப்பதான் ரண்டு வண்டில் வெங்காயத்தோடை சாவகச்சேரிப் பக்கம் வெளிக்கிட்டினம். நீங்களும் நிபுணரோ? இந்த அரை மணித்தியாலத்துக்குள்ளை நீங்கள் மூண்டாவது ஆள்!"

சிரித்தாள்.

இங்கேதான் கவனியுங்கள். ஏமாந்ததை நான் குற்றம் என்று சொல்லவில்லை, ஏமாறாதவர் யார்? மாட்டுவண்டில் எவ்வளவு தூரம் போயிருக்கும்? சந்தியில் சைக்கிள்களோடு நாலைந்து ஆண்கள் நின்றார்கள். ஒரு சத்தம் போட்டிருந்தால் பிடித்திருப்பார்கள். நான் அவர்களைக் கடந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நடந்தேன்.

ஏன்? சத்தம் போட்டால், தட்டத்துக்கு மயங்கினவள் என்று என் வாயால் சொல்ல வேண்டும். பூமணியின் ஒரு போகத்தை விட அது எனக்குப் பெரிதாக இருந்ததா? இருந்திருக்கிறது!

நான் வீடு வந்து சேரும் நேரம் பொம்மர் விமானம் சுற்றியது. சுன்னாகப் பக்கம் குண்டு விழுந்த அதிர்வில் எங்கள் வீட்டுக் கோடிக் கூரையில் ஓடு சரிந்தது. பூமணி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"அக்கா! உங்களுக்கு ஒண்டும் இல்லையே?"

வெங்காயத்தைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"சபை வீடு... விதை எல்லாம்... போச்சு பிள்ளை" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது.

"அந்த ஐயா?"

"அவரும்தான்..."

யோகம் அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

பூமணி குத்தகையை விட்டாள். மூத்தவளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்தாள். இப்போது தாயும் மகளும் கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிறார்கள், எங்கள் தோட்டத்திலும்.

நான் இன்னும் யோசிக்கிறேன். முதல் வந்தவன் என் வெங்காயத்தைக் குறை சொன்னான், நான் என்ன செய்கிறேன் என்று அறிய ஆசைப்பட்டான். பின்னால் வந்தவர்கள் என்னை மெச்சினார்கள். என் அறிவில் ஒரு துளியும் கேட்கவில்லை. அறிவு வேண்டியவன் கேட்கமாட்டானா? கரவெட்டிக்கு ஆளனுப்பினால் ஒரு பகலில் தெரிந்திருக்கும். இவ்வளவும் இப்போது தெளிவாகத் தெரிகிறது... ஆனால் அதே தட்டத்தோடு நாளைக்கு ஒருத்தி வந்து முதலில் எனக்கு நீட்டினால்? சத்தியம் பண்ண எனக்குத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பூமணி தன் வீட்டில் கனகலிங்கத்தின் ஆத்துமாவுக்கு விளக்கு வைக்கிறாள். நல்லது செய்ய வந்த இடத்தில் செத்த மனிதராம். தேங்காயெண்ணெய் விற்கிற விலையில்! போன வெள்ளி நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, அந்த ஐயாவுக்குப் பிள்ளையள் இருந்ததோ?"

"ஓம் பிள்ளை. ரண்டு" என்றேன்.

போத்தலைச் சரித்து, விளக்கில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள்.